இருபத்திரண்டாவது வள்ளம்

ஜாவா என்ற கணினி மொழி படித்துவிட்டு வந்தவன் நான். எதை உருவாக்குவதென்றாலும் முன்னால் 'நியூ' போட்டு, அதைக் கட்டித்தரும் கன்ஸ்ட்ரக்டரை அழைத்தால்தான் எனக்கு நிம்மதி. கப்பல்துறையில் எங்கள் சிறிய அலுவலகத்தில் என்னோடு வேலை செய்த குறிஞ்சாக்கேணிப் பெண்ணோ ஜாவாஸ்கிரிப்டில் எல்லாவற்றையும் நேரடியாக எழுதிவிடுவார். பட்டியல் என்றால் இரண்டு சதுர அடைப்பு. உண்மை, பொய் என்றால் அந்த ஒரு சொல் மட்டும். லிட்ரல் என்பார்கள். நான் அதைச் சோம்பேறித்தனம் என்பேன்.

"ஒரு சொல்லில முடியிறதுக்கு ஏன் சேர் இவ்வளவு சோடனை?" என்று கேட்பார்.

"உங்களுக்கு விளங்காது" என்பேன். என்ன திமிர் எனக்கு!

மீனவர் சங்கம் ஒன்றுக்காக, கடலுக்குப் போன வள்ளங்கள் திரும்பிவிட்டனவா என்று காட்டும் திரை ஒன்றைச் செய்தோம். கரை சேர்ந்ததும் சங்கத்து இலக்கத்துக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுப்பது அங்கே வழக்கம். கோல் விழுந்தால் வள்ளத்தின் பெயர் பச்சை, விழாவிட்டால் சிவப்பு.

முதல் நாளே கடும் காற்று. மதியம்தான் திரையைத் திறந்து பார்த்தேன்; இருபத்திரண்டு பெயரும் பச்சை. நான் நிம்மதியாகத் தேநீர் குடித்தேன். அவர் மட்டும் வந்த கோல்களை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"சேர், கோல் இருவத்தொண்டுதான் விழுந்திரிக்கி."

நான் எழுதிய நிரலைத் திறந்தார். 'திரும்பவில்லை' என்பதைக் குறிக்க, பொய் என்ற மதிப்பை நான் கன்ஸ்ட்ரக்டர் போட்டு ஒரு பொருளாக்கி வைத்திருந்தேன். பெட்டிக்குள் 'இல்லை' என்று எழுதி வைத்தாலும் பெட்டி இருக்கிறதே! ஜாவாஸ்கிரிப்ட் பெட்டியை மட்டும் பார்த்து 'ஆம்' என்றுவிடும். வராத வள்ளமும் வந்ததாகவே தெரியும். அவர் 'நியூ'வை அழித்து, வெறுமனே பொய் என்ற அந்தச் சொல்லை எழுதிச் சேமித்தார்.

ஒரு பெயர் சிவந்தது.

"எங்கட காக்காட வள்ளம்" என்றார். அவருடைய மூத்த அண்ணன்.

அவர் உடனே சங்கத்துக்கு அழைத்தார். "எங்கட திரை பிழை. ஒரு வள்ளம் இன்னும் வரல்ல. கெதியா ஆள் அனுப்புங்க." யாருடைய பிழை என்று சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மை எனக்கு இருந்திருக்காது.

எஞ்சின் நின்று, ஈச்சிலம்பற்றுப் பக்கமாகக் காற்றில் இழுபட்டுப் போன வள்ளத்தைக் கட்டி இழுத்து வந்தார்கள். பின்னேரம் கோல் விழுந்து, பெயர் பச்சையானது. "வந்திட்டார்!" என்று கத்தினேன்.

அவர் திரையைத் திரும்பியும் பார்க்கவில்லை. போனை எடுத்து, "காக்கா, நீங்கதானே? கதைங்க" என்றார். குரலைக் கேட்ட பிறகுதான் அழுதார்.