யாருக்கும் தொந்தரவில்லாத மூன்று நாள்

சைமியைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவள் வாய் திறந்து யாரிடமும் எதையும் கேட்டவள் இல்லை. எங்கள் சின்ன ஊரான நுர்மெஸில் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பாதி ஆயுசைக் கழித்தாள். சூப் நிறைந்த பெரிய பானையை இறக்குவதற்குக்கூட ஒரு கை துணைக்குக் கூப்பிடமாட்டாள். முக்கி முனகித் தானே இறக்கிவைப்பாள். "எதுக்கு அடுத்தவங்களுக்குத் தொந்தரவு" என்பாள். எங்கள் பக்கத்தில் பிறந்தவர்கள் எல்லோருமே கொஞ்சம் அப்படித்தான். சைமி கொஞ்சத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அவள் புருஷன் தாவி காட்டில் மரம் வெட்டும் இயந்திரம் ஓட்டியவன். அவன் படுத்த படுக்கையானபோது ஒரே மகள் ரீக்கா தலைநகர் ஹெல்சிங்கியில் இருந்தாள். வாரம் தவறாமல் போனில் கேட்பாள், அப்பா எப்படி இருக்கிறார் என்று. "பரவாயில்ல, நீ உன் வேலையப் பாரு" என்பாள் சைமி. பரவாயில்லாமல் இல்லை. சோறும் இறங்கவில்லை, தண்ணீரும் இறங்கவில்லை. அப்போதும் அவள் "பரவாயில்ல" என்றே சொன்னாள். கடைசியில் ரீக்கா ரயிலேறி வந்து சேர்ந்தபோது கட்டிலில் விரிப்பு மாற்றியாகிவிட்டது.

அடக்கம் முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ரீக்கா தாயின் காதோடு சொன்னாள். "அப்பா சாகிறதக்கூட எனக்குத் தொந்தரவுன்னு நெனச்சுட்டேல்லம்மா?" சத்தமாகத் திட்டியிருந்தால் சைமி தாங்கியிருப்பாள்.

அதன் பிறகு ரீக்கா நுர்மெஸ் பக்கம் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், அன்னையர் தினத்துக்கு ஒரு போன். சைமியும் போகவில்லை. கூப்பிடாமல் எப்படிப் போவது? "வாம்மா, வீட்டுக்கு வா" என்று ஒரு சொல் வந்தால் போதும், செருப்பைக்கூடத் தேடாமல் கிளம்பிவிடுவாள். அந்தச் சொல் வரவில்லை. வீட்டில் ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு ஏரியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். என்ன சமைத்தாள், எப்போது தூங்கினாள் என்று அவளுக்கே தெரியாத நாட்கள் அவை.

அடுத்த வாசல்காரி ஹெல்விதான் அந்த யோசனையைக் கொண்டுவந்தாள். தபால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவள். வாயை மூடத் தெரியாதவள்.

"ஏண்டி, ஹெல்சிங்கிக்கு ஒரு மூணு நாள் போய்ட்டு வரலாமா? நீ இப்படியே உக்காந்திருந்தா நாற்காலியே ஒரு நாள் எழுந்து ஓடிரும்."

சைமி உடனே சரி என்றாள். ஹெல்விக்கே திக்கென்றது.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் ஹெல்வியின் சமையலறையில் காப்பியை வைத்துக்கொண்டு திட்டம் போட்டார்கள். ஹெல்வி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்குமாக ஏற்றி இறக்கி போனைத் தேய்ப்பாள்.

"சனிக்கிழமை காலைல படகு ஏறித் தீவுக் கோட்டை. சரியா?"

"சரி. கல்லியோவுக்கும் அதுக்கும் ரொம்பத் தூரமா?"

"அது கடலுக்குள்ள இருக்குடி. மத்தியானம் சந்தைக் கூடத்துல மீன் சூப்பு. அப்புறம் பாறையக் குடைஞ்சு கட்டின சர்ச்சு."

"அங்கேருந்து கல்லியோவுக்கு டிராம் இருக்குமா?"

ஹெல்வி போனைக் கீழே வைத்தாள். கல்லியோவில்தான் ரீக்காவின் வீடு. "நாம ஊர் பாக்கப் போறோமா, இல்ல உன் மக வீட்டச் சுத்திப் பிரதட்சணம் வரப் போறோமா?"

சைமி காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். சர்க்கரை போடாத காப்பி அது.

எந்த வாரம் போவது என்று பேச்சு வந்தபோது மட்டும் அவள் தானாக வாய் திறந்தாள். நவம்பரில் அப்பாக்கள் தினம் வருகிற வாரக்கடைசி என்றாள். தகப்பன் இல்லாத பெண் அன்றைக்குத் தனியாக என்ன செய்வாளோ என்று அவளுக்குள் ஒரு அரிப்பு. ஹெல்விக்கு அது புரிந்தது. கேலி பண்ண வாயெடுத்தவள் பண்ணாமல் விட்டாள்.

"அப்ப அவகிட்ட சொல்லிரு. வரேன், உன்னப் பாக்கணும்னு சொல்லு. ரெண்டே வார்த்த. நான் வேணும்னா எழுதிக் குடுக்கட்டுமா?"

"எனக்குப் பேசத் தெரியும்" என்றாள் சைமி.

தெரியாது என்பதுதான் பிறகு தெரிந்தது.

மறுநாள் சாயங்காலம் தன் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டே போன் போட்டாள். எடுத்த எடுப்பில் ரீக்காவின் குரல் பதறியது.

"அம்மா? என்ன, ஏதாவது ஆயிருச்சா?"

"ஒண்ணும் ஆகல. நானும் ஹெல்வியும் ஹெல்சிங்கி வர்றோம். சும்மா, ஊர் சுத்திப் பாக்க."

"இங்கயா? எப்போ?"

"அப்பாக்கள் தினம் வருதுல்ல, அப்போ."

ரீக்கா மெல்ல ஆரம்பித்தாள். "இங்க அந்தச் சின்ன ரூம் சும்மாதான்மா கெடக்கு, நீ..."

இத்தனை காலம் காத்திருந்தாளே, அந்தச் சொல் போனில் பாதி வழி வந்துவிட்டது. அதை முழுசாக வரவிட்டிருக்கக்கூடாதா? பிறந்ததிலிருந்து நாக்கில் ஊறிய வழக்கம் முந்திக்கொண்டது.

"ஓட்டல்ல ரூம் போட்டாச்சு கண்ணு. உனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. நாங்க பாட்டுக்குச் சுத்திட்டுக் கிளம்பிருவோம். எங்களுக்காக எதையும் மாத்திக்காத."

"ஓ" என்றாள் ரீக்கா. "சரிம்மா. நாங்களும் அன்னைக்கு யார்க்கோவோட அப்பா வீட்டுக்கு, போர்வோவுக்குப் போறோம்." யார்க்கோ அவள் புருஷன்.

"அப்பப் பாரு, நல்லதாப் போச்சு" என்றாள் சைமி.

போனை வைத்தபின் கொஞ்ச நேரம் கோட்டு மாட்டும் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஹெல்வியிடம் போய் நடந்ததை வரி பிசகாமல் சொன்னாள்.

"ஓட்டலா? எந்த ஓட்டல்? நான் இன்னும் ரூமே போடலியேடி!"

"தெரியும்."

"சின்ன ரூம்னு அவ சொன்னாளா இல்லயா?"

"சொன்னா."

"அப்புறம் என்ன எழவுக்கு அவ வாய அடைச்ச? எடு போன. இப்பவே கூப்பிட்டு, ஓட்டல் கெடைக்கல, உன் வீட்டுக்கு வர்றேன்னு சொல்லு."

சைமி போனைக் கையில் எடுத்தாள், பார்த்தாள், மேஜையில் குப்புற வைத்தாள். "அவங்க போர்வோவுக்குப் போறாங்க. நான் இப்பக் கேட்டா அவ அதை விடணும். மாமனார் என்ன நெனப்பாரு?"

"நீ செத்தாலும் அடக்கத்துக்கு ஆள் வந்தா தொந்தரவுன்னு பொட்டிக்குள்ளேருந்து சொல்லுவ" என்றாள் ஹெல்வி. சொன்ன பிறகுதான் தாவியின் ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு போனை எடுத்து ஹெல்சிங்கி ரயிலடிக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டலில் அறை போட்டாள்.

போனார்கள். திட்டம் போட்டபடியே எல்லாம் நடந்தது, ஒரு குறை இல்லை. படகு ஏறினார்கள், கோட்டைச் சுவரில் காற்று அறைந்தது, சூப்பில் மீன் தாராளமாக இருந்தது. ஹெல்வி படம் எடுத்த இடத்திலெல்லாம் சைமி போய் நின்றாள். எதைப் பார்த்தாள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடிந்திருக்காது. ரீக்கா வயசுப் பெண் எவள் எதிரே வந்தாலும் முகத்தை மட்டும் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹெல்வி கடலோர சவுனாவில் நீராவிக் குளியலுக்குக் கிளம்பினாள். சைமி கால் வலி என்று தங்கிவிட்டு, அவள் போனதும் டிராம் ஏறிக் கல்லியோவுக்குப் போனாள். அவர்கள்தான் போர்வோவில் இருக்கிறார்களே. வீட்டில் ஆள் இல்லாதபோது வீட்டைப் பார்ப்பதில் யாருக்கு என்ன தொந்தரவு? மகள் எந்தக் கதவைத் திறந்து போகிறாள், எந்தக் கடையில் ரொட்டி வாங்குகிறாள், அதைப் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

நவம்பர் மாதத்து இருட்டு அதற்குள் இறங்கிவிட்டது. மழை தூறியது. முகவரியை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பும் முகவரிதானே. எதிர்ச் சாரியில் நின்று அண்ணாந்தாள். மூன்றாம் மாடியில் விளக்கு எரிந்தது.

சமையலறை ஜன்னலில் ரீக்கா நின்றிருந்தாள். தனியாகத்தான் இருந்தாள். வீட்டில் போடுகிற ஸ்வெட்டர், அள்ளி முடிந்த தலை. கையில் ஒரு கோப்பை. குடிக்கவில்லை. தாவி நிற்பதுபோலவே ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு தெருவையே பார்த்தபடி நின்றிருந்தாள்.

சைமி சட்டென்று நிறுத்தியிருந்த வேன் ஒன்றின் மறைவுக்கு நகர்ந்தாள். போகவில்லையா இவள்? போர்வோ என்றது என்னைத் தவிர்க்கவா? இல்லை, யார்க்கோ மட்டும் போயிருக்கிறானா, அடுத்தவர் அப்பாவின் மேஜையில் இன்றைக்கு உட்கார இவளுக்கு மனம் இல்லையா? எதற்காகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்? அந்தக் கடைசிக் கேள்வியை அவள் மேற்கொண்டு நினைக்கவில்லை. நினைத்திருந்தால் கால் தானாக மாடிப்படி ஏறியிருக்கும்.

தெருவை மட்டும் தாண்டினாள். வாசல் வரை போனாள். எண்ணை அழுத்தினால்தான் திறக்கும் கதவு. அந்த நேரம் நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு இளைஞன் உள்ளேயிருந்து வந்தான். அவளைக் கண்டதும் முதுகால் கதவைத் தாங்கிப் பிடித்தான்.

"வாங்கம்மா, உள்ளதான போறீங்க? நனையாதீங்க."

படிக்கட்டு தெரிந்தது. சுவரில் குடியிருப்பவர்களின் பெயர்ப் பலகை தெரிந்தது. மூன்று மாடிதான். ஆனால் மேலே போய் மணி அடித்தால், போர்வோவில் இருப்பதாகச் சொன்ன பெண் தாயின் முகத்துக்கு எதிரே வந்து நிற்கவேண்டும். அந்த வெட்கத்தைப் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது?

"இல்லப்பா, இல்ல. நான் இந்த வீட்டுக்கு வரல. சும்மா தூறலுக்கு ஒதுங்கினேன்" என்றாள் சைமி.

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டு, உள்ளே பூட்டு விழுந்த சத்தம் கேட்டது.

அன்று மாலையே திரும்பும் ரயிலில் ஹெல்வி அவளுடைய ஈரக் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். "கால் வலின்னு அங்கதான போன? சொல்லு."

"போனேன். வீடு பூட்டிக் கெடந்துது. இருட்டு."

ஹெல்வி நம்பினாளோ என்னவோ, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போது சைமியின் போன் அதிர்ந்தது. ரீக்காதான் எழுதியிருந்தாள். பயணம் நல்லபடியா இருந்துதாம்மா?

சைமி ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினாள். ரொம்ப நல்லா இருந்துது. போர்வோ எப்படி?

ரயில் ஒரு சின்ன நிலையத்தில் நின்றது, கிளம்பியது. பிறகுதான் பதில் வந்தது.

நல்லா இருந்துதும்மா.

சைமி அதை மறுபடியும் மறுபடியும் படித்தாள். மகள் அதை அழித்துவிட்டு வேறு எழுதலாம் என்பதுபோலப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு போனைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.