மாடி முழுக்க மெத்தை

அவரைத் தெருவில் மெத்தைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கடை அவருடையது இல்லை. முதலாளி வேறு ஊரில் இருந்தார். ஆனால் இவர் கல்யாணமான புதிதில் வேலைக்குச் சேர்ந்தவர், மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் அங்கேயே இருந்ததால், பேர் ஒட்டிக்கொண்டது. வருகிறவர்களிடம், "படுத்துப் பாருங்க, காசா பணமா?" என்பார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். வாரம் தவறாமல் வந்து, மாடியில் ஜன்னலோர மெத்தையில் ஒரு தூக்கம் போட்டு எழுந்து, "வீட்டுல கேட்டுட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவார். மனைவி போன பிறகு வீட்டில் கேட்பதற்கு யாரும் இல்லை என்பது மெத்தைக்காரருக்குத் தெரியும். "கேட்டுட்டு வாங்க சார்" என்பார்.

குளிர் விட்டு மரங்கள் துளிர்விடும் சமயத்தில் வானிலை அறிவிப்பு வந்தது. வியாழக்கிழமை இடியோடு கனமழை, ஆற்றோரத் தெருக்களில் வெள்ளம் புகலாம். மெத்தைக்காரர் முதலாளிக்குப் போன் போட்டார்.

"போன வருஷமும் இதையேதான் சொன்னாங்க. ஒரு தூறல் விழல."

"கீழ இருக்கறது பூரா ஃபோம் மெத்தைங்க. நனைஞ்சா பிழிஞ்சு காயப்போட முடியாது."

"சரி, மேல ஏத்து. ஆள் கீள் வைக்காதே."

மனைவியையும் மச்சானையும் வரவழைத்தார். மச்சானுக்கு இடுப்புவலி. நல்ல மெத்தையில் படுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். படுக்க வேண்டியவனைத் தூக்க வைக்கிறாரே என்று படிக்குப் படி புலம்பினார். மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த மெத்தையைத் தூக்கினாள். அதுதான் மெத்தைக்காரருக்குப் பயமாக இருந்தது.

வியாழன் காலை வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. மச்சான் வானத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் இருட்டிக்கொண்டு வந்தது. இடித்த இடியில் ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. மதியத்துக்குள் ஆறும் சாக்கடையும் கைகோத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தன.

அந்தத் தெருவில் மாடி உள்ள கட்டடம் அது ஒன்றுதான். தையல்கார அம்மா மிஷினின் தலையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பிள்ளைகளோடு வந்தாள். சலூன்காரர், பாதித் தலை மட்டும் வெட்டியிருந்த ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தார். கடைசியாக வாத்தியார், காலில் செருப்பில்லாமல்.

மாடியில் தரையே தெரியவில்லை. சுவருக்குச் சுவர், பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை. எல்லாரும் படியிலேயே நின்று சொட்டினார்கள். முதலாளியிடம் கேட்கலாம் என்றால் போன் செத்துக் கிடந்தது. மெத்தைக்காரர் மனைவியைப் பார்த்தார்.

"என்ன பாக்கறீங்க? பிளாஸ்டிக்கைக் கிழிங்க," என்றாள் அவள்.

கிழித்தார். கொஞ்ச நேரத்தில் பட்டப்பகலில் ஒரு தெருவே படுத்துத் தூங்கியது. ஜன்னலோர மெத்தை பிள்ளைகளிடம் போய்விட்டதால் வாத்தியாருக்கு நடுவில் ஒன்று கிடைத்தது. அவர் மட்டும் தூங்கவில்லை.

"தண்ணி எவ்வளவு ஒசரம் ஏறும்?"

"இடுப்பளவு ஏறலாம் சார்."

"அவ போட்டோ கட்டிலுக்கு மேல மாட்டியிருக்கேன்."

"அதுக்கு ஒண்ணும் ஆகாது."

"கட்டில்?"

"நனையும்."

"மெத்தை?"

"அது போச்சு சார்."

வாத்தியார் படுத்திருந்த இடத்தை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, "இது என்ன விலை?" என்றார்.

மெத்தைக்காரர் சொன்னார்.  

சாயங்காலம் தண்ணீர் வடிந்தது. பிளாஸ்டிக் கிழிந்ததற்கு முதலாளி போனில் நன்றாகத் திட்டினார். மெத்தைக்காரர் போனை மேஜையில் வைத்துவிட்டு, அவர் முடிக்கும்வரை தரையைக் கழுவினார்.

வாத்தியார் வீட்டில் சேறு வழித்து, கட்டில் காய்ந்த பிறகு, மெத்தைக்காரரும் மச்சானும் அவர் வாங்கிய மெத்தையைச் சுமந்துகொண்டு போனார்கள். போட்டோ நேராகத் தொங்கியது. அதற்கு ஒரு சாண் கீழே சுவரில் சேற்றுக்கோடு. மெத்தையை விரித்ததும் மச்சான் யாரையும் கேட்காமல் அதில் நீட்டிப் படுத்துவிட்டார். வாத்தியார் அவரை எழுப்பவில்லை. டீ போட அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.