முங்கின லாஞ்சும் நாங்களும்

மத்தவங்க படகு முங்கிடக் கூடாதேன்னு சாமி கும்பிடுவாங்க; நான் முங்கின படகைக் காட்டித்தான் சோறு திங்கறேன்.

கடலூர் முதுநகர் துறைமுகத்துலேர்ந்து ஞாயித்துக்கிழமையில ஆளுங்களைப் போட்டுல ஏத்திட்டுப் போயி, காத்து சிலிண்டரோட முங்க வெச்சு, கடலடியில கெடக்கற ஒரு மீன்பிடி லாஞ்சைச் சுத்திக் காட்டறது என் வேலை. எங்களுது புவனகிரிப் பக்கம் நெல்லு வெதைக்கிற குடும்பம். "முங்கறதுக்கு ஒரு சர்டிபிகேட்டாடா?"ன்னு எங்கப்பா இன்னமும் கேக்கறாரு. ஊரே லீவுல தூங்கறப்ப வேலைக்குக் கெளம்பறவங்க யாராச்சும் இதைப் படிச்சா என் வயித்தெரிச்சல் புரியும்.

குளிருன்னா நம்ப மாட்டாங்க

மார்கழி, தையில மேல வெயில் சுள்ளுன்னு அடிக்கும். அடியில தண்ணிக் குளிரு எலும்பு வரைக்கும் ஏறும். எத்தனை தடவை சொன்னாலும் நம்ம ஆளுங்க காதுல ஏறாது. தடிமனான ரப்பர் டிரஸ்ஸைப் போட்டுக்குங்க சார்னு கெஞ்சுவேன். சிதம்பரத்துலேர்ந்து வந்த பல் டாக்டர் ஒருத்தரு, "நான் தெனமும் பச்சத் தண்ணியில குளிக்கறவன்"னு சொல்லிட்டு வெறும் டீ-ஷர்ட்டோட எறங்கினாரு. போன வேகத்துல மேல வந்துட்டாரு. டாக்டரோட பல்லே தந்தி அடிக்குது.

போர்வையைச் சுத்தி உக்கார வெச்சு, சுக்குக் காப்பி ஊத்தினோம். அவரு கொஞ்சம் தெளிஞ்சதும் அவரு சம்சாரம் நிதானமா சொன்னாங்க: "விடுங்க தம்பி, வீட்டுலயும் இவரு ஹீட்டர் போட்டுத்தான் குளிப்பாரு."

நங்கூரம்

எங்க போட்டை ஓட்டறவரு காசிம் மாமா, பரங்கிப்பேட்டைக்காரரு. லாஞ்சு கெடக்கற எடம் வர்றதுக்கு முன்னாடியே எஞ்சினை ஆஃப் பண்ணிடுவாரு. போட்டு தானா மெதந்து போவும். ரெண்டு கையையும் ஏந்தி துவா ஓதுவாரு. அப்புறம் நங்கூரத்தை லாஞ்சு மேல போட விட மாட்டாரு. தள்ளி, மணல்லதான் போடணும். அங்கேர்ந்து நான் கயித்தைப் புடிச்சுக்கிட்டு, கடல் இழுக்கற இழுப்பை எதுத்து நீந்திப் போயி லாஞ்சுல கட்டிட்டு வரணும். மத்தவங்க எறங்கறதுக்குள்ள எனக்குத் தோள்பட்டை கழண்டுடும்.

ஒருநாள் எரிச்சல் தாங்காம, "லாஞ்சு மேலயே போட்டா என்ன மாமா? அது என்ன உங்க மாமனார் வூட்டுச் சொத்தா?"ன்னு கத்திட்டேன். மனுசன் கோவப்படவே இல்ல. தண்ணியைப் பாத்துக்கிட்டே சொன்னாரு: "உள்ள எங்க மச்சான் இருக்கானோ என்னவோ மாப்ள."

பெருநாள் சாப்பாடு

அதுக்கப்புறம்தான் வெவரம் தெரிஞ்சுது. மாமாவோட தங்கச்சி மும்தாஜ் அக்கா. அவங்க வூட்டுக்காரரு ரகீம்தான் அந்த லாஞ்சை ஓட்டினவரு. பல வருஷம் முன்னாடி சூறைக்காத்துல லாஞ்சு முங்கினப்ப மத்தவங்க தப்பிச்சு கரை சேந்துட்டாங்க. ரகீமும் எங்களோட குதிச்சாருன்னு தப்பிச்சவங்கள்ல ஒருத்தரு சொல்றாரு, குதிக்கவே இல்லன்னு இன்னொருத்தரு சொல்றாரு. ஒடம்பு கெடைக்கல. எந்தக் கப்பல்காரனாச்சும் தூக்கிட்டுப் போயிருப்பான், எந்த நாட்டு ஜெயில்லயாச்சும் இருப்பாருன்னு அக்கா காத்துக்கிட்டு இருந்தாங்க. எஞ்சின் ரூமுக்குள்ள பாத்துட்டா சந்தேகம் தீர்ந்துடும். ஆனா அது வாசல்ல வலை குமிஞ்சு கெடந்துச்சு. அதுல சிக்கினா நானும் அங்கயேதான். அப்ப தேடினவங்களும் அதைத் தாண்டிப் போகல.

நோன்புப் பெருநாளுக்கு அக்கா வீட்டுல பிரியாணிக்குக் கூப்பிட்டிருந்தாங்க. பக்கத்து வூட்டு அம்மா ஒருத்தங்க, "இன்னும் எத்தனை நாளைக்கும்மா? இத்தா இருந்து முடிச்சுடு"ன்னு சொல்லிட்டாங்க. புருஷன் இறந்துட்டா பொம்பளைங்க வூட்டோட இருக்கற துக்க காலம்தான் இத்தா. எனக்கே சுருக்குன்னுச்சு. அக்கா கையில இருந்த சட்டியைக் கீழ வெக்காம சொன்னாங்க: "மய்யத்தை, அவரு ஒடம்பைக் கண்ணால பாக்காம என் புருஷனை நானே சாகடிக்கறதா?"

வலை போன அன்னிக்கு

போன மழைக்காலத்துல அடிச்ச புயலுக்கப்புறம், லாஞ்சு எந்த நெலமையில இருக்குன்னு பாக்க நானும் கூட்டாளி ஒருத்தனும் முங்கினோம். ஒரே கலங்கல். டார்ச் வெளிச்சம் கைக்கெட்டற தூரம்தான் போவுது. எஞ்சின் ரூம் வாசல்ல வலையைக் காணோம், கடலே இழுத்துட்டுப் போயிருக்கு. வெளிய நின்னுக்கிட்டே டார்ச் அடிச்சேன். சேத்துல ஒரு பச்சை பெல்ட் தெரிஞ்சுது. கைலி மேல பாய்மாருங்க கட்டுவாங்களே, அந்த அகல பெல்ட். அதுக்குள்ள எலும்பு. ஐயோ, அந்த நேரத்துல எனக்கு மூச்சு விடறதே மறந்து போச்சு. எதையும் தொடல. கூட்டாளிதான் என் தோளைப் புடிச்சு மேல கொண்டாந்தான்.

போட்டுல இருந்த மாமாகிட்ட சொன்னேன். மொகம் வெளுத்துப் போச்சு அவருக்கு. "பெல்ட் மாட்டினபடி இருந்துச்சா, சும்மா கெடந்துச்சா?"ன்னு மட்டும் கேட்டாரு. "மாட்டினபடிதான் மாமா"ன்னேன். ஸ்டீயரிங்கைப் புடிச்சுக்கிட்டு மெதுவா சொன்னாரு: "அப்ப என் மச்சான் குதிக்கல. கடைசி வரைக்கும் எஞ்சினை உசுப்பப் பாத்திருக்கான்."

யாரு சொல்றது?

போலீசுக்குச் சொல்லியாகணும், அதுல பேச்சே இல்ல. அக்காகிட்ட யாரு சொல்றது? கரைக்கு வர்ற வழியெல்லாம் மாமா பொலம்பறாரு. "அவ நடமாடறதே அந்த நம்பிக்கையிலதான் மாப்ள. ஒண்ணும் பாக்கலன்னு சொல்லிடேன்"கறாரு. எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. "பாத்த கண்ணை நான் எங்க கொண்டு போயி வெக்கறது?"ன்னு கத்தினேன். கத்தி முடிச்சதும் ரெண்டு பேருமே அழுதோம். அப்புறம் ஒண்ணா போயி அக்காகிட்ட சொன்னோம். அக்கா எழுந்து உள்ள போயிட்டாங்க. அதுக்கு அவங்க என்னை அடிச்சிருக்கலாம்.

ஆபீசருங்க வந்து முறைப்படி மேல கொண்டாந்தாங்க. சோதனையெல்லாம் முடிஞ்சு, ஊரே கூடி ஜனாஸா தொழுது அடக்கம் பண்ணினாங்க. அக்கா இத்தா இருந்து முடிச்சாங்க. அதுக்கப்புறம்தான் அவங்க மொகத்துல முழிக்க எனக்குத் தைரியம் வந்துச்சு. "என்னைத் திட்டிடுங்கக்கா"ன்னு தலையைக் குனிஞ்சு நின்னேன். டீ டம்ளரை என் கையில குடுத்துக்கிட்டே சொன்னாங்க: "உன்னை எதுக்குத் தம்பி திட்டப் போறேன்? அவரு வந்தா வாசல்ல நிக்க வேணாமேன்னு இத்தனை வருஷமா கதவுக்குத் தாப்பா போட்டதில்ல. இப்பதான் போட்டுட்டுத் தூங்கறேன்."

எத்தனை பேருக்கு முங்கறதுக்குச் சொல்லிக் கொடுத்து என்ன, மாஸ்க் உள்ளாற கண்ணு கலங்கினா தொடச்சுக்க வழியில்லாத தொழிலுங்க எங்களுது.