கிளென் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி

லூர்துசாமி பிறந்த எஸ்டேட்டில் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்ப்பனை நட்டார்கள். அவர் ஈப்போ பக்கத்துச் சிம்பாங் பூலாய்க்கு வந்து ரப்பர் பாய் செய்யும் தொழிற்சாலையில் கலவைப் பிரிவில் சேர்ந்தார். அங்கே மூட்டை மூட்டையாக வந்திறங்கும் ஸ்டியரிக் அமிலம், அதே பனை எண்ணெயிலிருந்து எடுத்தது. பேர்தான் அமிலம், தொட்டால் வெறும் மெழுகுச் செதில். ரப்பரில் கந்தகம் சரியாகப் பிடிக்கவும் அது வேண்டும், அச்சில் ஒட்டாமல் கழலவும் அது வேண்டும். அதைக் கொட்டிக் கொட்டியே மனிதருக்குத் தலை நரைத்தது.

ஒரே மகன் கிளென். காம்பார் சாலையில் மோட்டார் சைக்கிளோடு லோரிக்கு அடியில் போய்விட்டான். ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். பாவி மகன், மெதுவாகப் போகச் சொன்னால் கேட்டானா!

மனைவி பெட்ரீசியா மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள்: மகன் உயரத்துக்கு மெழுகுவர்த்தி. அது அடிவரை எரிந்து முடிந்தால்தான் நேர்த்தி பலிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. கைப்பிள்ளைக்கு என்றால் கடையிலேயே வாங்கலாம். ஆறடிக் காளைக்கு எங்கே போவது? வெறும் மெழுகில் செய்தால் ஈப்போ வெயிலில் மத்தியானமே கூன் விழுந்துவிடும். ஸ்டியரிக் கலந்தால் இறுகும் என்று லூர்துசாமிக்குத் தெரியும். மேலாளரிடம் கேட்டு ஒரு பை வாங்கி வந்தார்.

வளைந்துவிடுமோ என்ற பயத்தில் ஸ்டியரிக்கை அள்ளி அள்ளிப் போட்டார். தண்ணீர்க் குழாயில் ஊற்றி, ஆறவைத்து உருவியபோது, ஸ்டியரிக் மிஞ்சிப்போன வர்த்தி நடுவில் பட்டென்று முறிந்தது. பெட்ரீசியா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவர் மறுபடி உருக்கி, மெழுகைக் கூட்டி, குழாயைச் சாக்கில் சுற்றி மெல்ல ஆறவிட்டார். இந்த முறை வழுக்கிக்கொண்டு வந்தது.

கோயில் வளாகத்தில் மாதா சிலை நிற்கும் குகை மாடமான கெபியில் அது கோணாமல், வழியாமல், நிதானமாக எரிந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். லூர்துசாமி தினமும் வந்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தார். வர்த்தி நெஞ்சளவுக்கு இறங்கிய அன்று கிளென் செத்துப்போனான்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து நேராகக் கெபிக்கு வந்தார். வர்த்தி எரிந்துகொண்டுதான் இருந்தது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் நவமணி, அணைத்துவிடட்டுமா என்று தயங்கிக் கேட்டாள். அவர் தலையை மட்டும் ஆட்டி மறுத்துவிட்டு, சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். எல்லாம் கடவுள் சித்தம் என்று அவள் என்னென்னவோ சொன்னாள். அவர் காதில் ஒன்றும் ஏறவில்லை.

"இன்னும் பாதிகூட எரியல, நவமணி," என்றார். "நான்தான் ரொம்பக் கெட்டியா செஞ்சிட்டேன்லா."