மழைக்கு ஹேதுவில்லை

அந்த நாலு வரிகளை இப்போதும் பார்க்காமல் சொல்வேன். “கிழக்குக் கரையோரம் இவ்வாரம் ஆகாயம் நிர்மலமாயிருக்கும். பிற்பகலில் மிதமான கடற்காற்று வீசும். உஷ்ணம் சற்று அதிகரிக்கலாம். மழைக்கு ஹேதுவில்லை.” ராயப்பேட்டையில் அச்சான ஒரு வாரப் பத்திரிகையில், ‘வார சீதோஷ்ணம்’ என்ற தலைப்பின் கீழ் வந்த வரிகள் அவை. எங்கள் குப்பத்து மணலில் நின்று அவற்றை உரக்க வாசித்தவள் நான்.

முப்பதுகளின் தொடக்கம். எனக்குப் பத்தொன்பது வயது. சாந்தோமில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்து முடித்து, அங்கேயே சின்ன வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். குப்பத்தில் தடுக்காமல் வாசிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். அதில் என் அண்ணனுக்கு என்னைவிடப் பெருமை அதிகம். சனிக்கிழமைதோறும் மயிலாப்பூர் குளத்தங்கரைக் கடையில் பத்திரிகையை வாங்கிவருவான். மறுநாள் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் நான் வாசிக்க வேண்டும், நாலு பேர் கேட்க வேண்டும்.

சித்திரை முடியப்போகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் வாசித்தேன். அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவர் கடலைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

“காத்து வாடையா திரும்பிக்கினு கீது. சித்திரைல தெக்கத்திக் காத்துதான் அடிக்கணும். ரெண்டு நாளு மரத்த எறக்க வேணாம்” என்றார்.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அண்ணனோடு ஒரே கட்டுமரத்தில் போகிறவர். அவர் சிரித்தார். “இன்னா மாமா, அதான் பேப்பர்ல போட்டுக்கீதே.”

நைனா தலையாட்டினார். மாமாவின் பேச்சை ஒப்புக்கொண்ட தலையாட்டல் அல்ல அது. நான் அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

“கருவி வெச்சுப் பாத்து எழுதறாங்க நைனா. நீ மூஞ்சியில காத்து படறத வெச்சு சொல்றத விடவா?”

அண்ணன் என்னைப் பார்த்துப் பூரித்துப்போனான். நைனா ஒன்றும் பேசவில்லை. திங்கட்கிழமை விடியலில் அண்ணனும் மாமாவும் போனார்கள். நைனா தன் மரத்தைக் கரையிலேயே போட்டுவைத்தார்.

உச்சிப்பொழுதுக்குள் கடல் கறுத்துவிட்டது. முதலில் காற்றே இல்லாமல் நெடு நெடுவென்று அலை வந்தது. பிறகு காற்று வந்தது. பள்ளியின் ஓடுகள் பறந்தன. பிள்ளைகளைச் சுவரோரமாக உட்காரவைத்துவிட்டு நான் குப்பத்துக்கு ஓடினேன். கரையில் பெண்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாமாவின் மனைவியான என் அத்தை யாரையும் பிடித்துக்கொள்ளாமல் தனியாக நின்றாள்.

மறுநாள் பிற்பகல் திருவான்மியூர்ப் பக்கம் அண்ணன் கரையேறினான். கட்டு அறுந்து பிரிந்த மரத்தில் ஒரு கட்டையைப் பற்றியபடி கிடந்திருக்கிறான். மாமா வரவில்லை. “கைய வுட்டுட்டாரு” என்று மட்டும் சொன்னான். உடலும் கிடைக்கவில்லை.

ஏழாம் நாள் பூசைக்கு மறுநாள், அடுப்பு மூட்டப் பழைய பத்திரிகை ஒன்றை எடுத்தேன். நான் கரையில் வாசித்ததற்கு முந்தின வாரத்து இதழ். அதே நாலு வரிகள். ‘உஷ்ணம்’ என்ற சொல்லில் ஷகரத்தின் கால் உடைந்திருந்தது. நான் வாசித்த இதழை எடுத்து ஒப்பிட்டேன். அதிலும் அதே உடைந்த எழுத்து. கோத்த எழுத்தைக் கலைக்காமல் அப்படியே மறுபடியும் அச்சடித்திருக்கிறார்கள்.

அத்தையிடம் போய்ச் சொன்னேன். அவள் மீன்கூடையைக் கவிழ்த்துவைத்துவிட்டு, “எங்க கீது அந்த ஆபீஸு?” என்றாள்.

ராயப்பேட்டைக்கு இருவரும் நடந்தே போனோம். மானேஜர் கண்ணாடி போட்ட, நல்ல சட்டை அணிந்த மனிதர். இரண்டு இதழ்களையும் மேஜைமேல் விரித்தேன். அவர் பார்த்துவிட்டு, “கோடையிலே என்னம்மா மாறப்போகுது? வெயில் அடிக்கும், சாயங்காலம் காத்து வரும். இடத்தை நிரப்பணுமே” என்றார்.

“இத நம்பித்தான் எங்க வீட்ல ரெண்டு பேர் கடலுக்குப் போனாங்க.”

அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். “உங்க ஆளுங்க பத்திரிகை பார்த்தா கடலுக்குப் போறாங்க?”

அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் என்னை எரித்தது. அவர் அச்சடித்ததை நாங்கள் வாசிப்போம் என்பது அவர் நினைப்பிலேயே இல்லை.

பின்னால் அச்சுக் கோப்பவர் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும், விரலெல்லாம் மை. அவர் மெதுவாகச் சொன்னார்: “அந்த வாரம் வெள்ளிக்கிழமையே வானிலை ஆபீஸ் தாள் வந்துச்சுங்களே. பழசைக் கலைக்கட்டுமான்னு கேட்டேன். நீங்கதான் நேரமில்ல, அதையே போடுன்னீங்க.”

“போய் வேலையைப் பாருய்யா” என்றார் மானேஜர்.

அவர் போகவில்லை. ஒரு கம்பியில் குத்தியிருந்த காகிதங்களிலிருந்து ஒன்றை உருவி என்னிடம் கொடுத்தார். இங்கிலீஷில் இருந்தது. அத்தைக்காகத் தமிழில் சொன்னேன். வங்காள விரிகுடாவில் காற்றழுத்தம் குறைந்துவருகிறது. கரையோரம் பலத்த வாடைக்காற்று எதிர்பார்க்கப்படுகிறது. சிறு படகுகள் கடலுக்குப் போகாமலிருப்பது நல்லது.

“இன்னொரு வாட்டி சொல்லு” என்றாள் அத்தை. சொன்னேன். அவள் அழவில்லை. மானேஜரைப் பார்த்து, “இத அப்படியே போடு. பழசப் போட்டுட்டோம்னும் போடு. வேற ஒண்ணும் வேணாம்” என்றாள்.

ஆகட்டும் என்றார். அடுத்த சனிக்கிழமை கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி வந்தது: ‘சென்ற இதழ்களில் நேர்ந்த சில பிழைகளுக்கு வருந்துகிறோம்.’ என்ன பிழை, யாருக்கு நேர்ந்தது, ஒன்றுமில்லை. எழுத்துப்பிழைக்கு வருந்துகிற மாதிரி வருந்தியிருந்தார்கள்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் நான் தனியாகப் போனேன். வாசலில் காவலாள் மறித்தான். உள்ளே விடாவிட்டால் போகட்டும் என்று அங்கேயே நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் இரண்டு இதழ்களையும் காட்டினேன். சிலர் நின்று பார்த்தார்கள். பலர் பைத்தியம் என்று ஒதுங்கிப்போனார்கள். செவ்வாயும் புதனும் போனேன். தலைமைக் கன்னியாஸ்திரீ கூப்பிட்டுக் கண்டித்தார். வேலை போனால் போகட்டும் என்று சொன்னேன். இன்று நினைத்தாலும் அந்தக் குரல் என்னுடையது என்று நம்ப முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை ‘வார சீதோஷ்ணம்’ இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏழெட்டு வரிகள் இருந்தன. வந்த எச்சரிக்கையைப் போடாமல் பழைய பத்தியையே போட்டோம், அதை வாசித்துக் கடலுக்குப் போன ஒருவர் திரும்பவில்லை என்று சுற்றிவளைக்காமல் எழுதியிருந்தது. மானேஜர் மனம் மாறிவிட்டார் என்றே நினைத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அச்சுக் கோப்பவர் யாரையும் கேட்காமல், இயந்திரம் ஓடப்போகிற நேரத்தில் தானே கோத்து வைத்துவிட்டார். அன்றைக்கே அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆழ்வார்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஒரு சின்ன அச்சகத்தில் சேர்ந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் போய் அவரைப் பார்க்கவில்லை. என்ன சொல்லி அவர் முகத்தைப் பார்ப்பது என்று தெரியவில்லை.

அத்தைக்கு அந்த வரிகளை வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். “சரி” என்றாள். மறுநாள் கூடையை எடுத்துக்கொண்டு மாடவீதிப் பக்கம் போகத் தொடங்கினாள்.

நைனா என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் எதையாவது கத்தித் தீர்த்திருப்பேன். அந்த மானேஜர் மேல் உள்ள கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆனால் அவர் நைனாவின் வாயை அடைக்கவில்லை. அதைச் செய்தது நான்.