இரண்டு டேங்க் தண்ணீர்

தூத்துக்குடி வர ஒரு நாள் இருக்கும்போது காதரின் வீட்டிலிருந்து செய்தி வந்தது. அவனுடைய வாப்பாவுக்கு மூச்சுத்திணறல், திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். காதர் எங்கள் கப்பலின் செகண்ட் இன்ஜினியர், காயல்பட்டினத்துக்காரன். தூத்துக்குடியில் இறங்கி ஊருக்குப் போக ஏற்கெனவே ஏற்பாடாகியிருந்தது. நான் சீஃப் இன்ஜினியர், ஊர் ஆத்தூர்.

கப்பலுக்குப் போகாதவர்களுக்கு ஒரு விளக்கம். சரக்கு இல்லாத கப்பல் நிலையாக மிதக்க டேங்குகளில் கடல்நீரை நிரப்பிக்கொள்ளும். அதுதான் பேலஸ்ட். சரக்கு ஏற்றும் ஊரில் அதை வெளியே விடும். அந்தத் தண்ணீரோடு எங்கோ இருக்கும் சிப்பிக் குஞ்சும் பாசியும் இங்கே வந்து பெருகி, இங்கே உள்ளதை அழித்துவிடும். அதைத் தடுக்கத்தான் ட்ரீட்மென்ட் பிளான்ட். முதலில் ஃபில்டர், பிறகு மிஞ்சிய உயிர்களைக் கொல்லும் யூவி விளக்கு.

அந்தப் பயணத்தில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் தண்ணீர் எடுக்கும்போது அந்த யூவி விளக்குகள் பழுதாகிவிட்டன. மாற்று விளக்கு கப்பலில் இல்லை. பலமுறை கேட்டிருந்தோம், அடுத்த துறைமுகத்தில் தருகிறோம் என்றே கம்பெனி சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு டேங்குகள் சுத்திகரிக்காமலே நிரம்பின. நடுக்கடலில் அதைக் கொட்டி வேறு தண்ணீர் நிரப்பியிருக்கலாம். கடல் கொந்தளித்ததால் முடியவில்லை. அலை அடங்கியபோது கரை நெருங்கிவிட்டது.

கேப்டன் என்னைக் கூப்பிட்டார். தூத்துக்குடிக்காரர், நல்ல மனிதர்.

"ரெண்டே டேங்குதான். பைய விட்டுருவோம், ஒருத்தருக்கும் தெரியாது. அந்தப் பையனும் வாப்பா முகத்தப் பாத்துருவாம்லா."

நான் காதரிடம் போய் எதையும் மறைக்காமல் சொன்னேன். உண்மையைச் சொன்னால் துறைமுகத்தில் நம்மைத் திருப்பி அனுப்புவார்கள், நீ இறங்க முடியாது என்றேன்.

அவன் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான். "நீங்க என்ன சொல்லுதிய, அண்ணாச்சி?"

"விடக் கூடாதுன்னுதான் தோணுது. பக்கத்துலதான் புன்னக்காயல். ஆத்து வாயில சிப்பி எடுத்துப் பொழைக்குதவங்க இருக்காங்க. அங்கன ஒண்ணு ஒட்டிப் பெருகிட்டுன்னா, பெறவு யாராலயும் எடுக்க முடியாது."

"அப்ப சொல்லிருங்க," என்றான். "எனக்காகன்னு விட வேண்டாம்."

கேப்டனும் ஒத்துக்கொள்ள, துறைமுகத்துக்கு உள்ளதைச் சொன்னோம். ஆழ்கடலுக்குத் திரும்பிப் போய்த் தண்ணீரை மாற்றிவிட்டு வரும்படி பதில் வந்தது. காதரை மட்டும் இறக்க, கரையில் எங்கள் கம்பெனி வேலைகளைப் பார்க்கும் ஏஜென்டிடம் ஒரு படகு கேட்டேன். கப்பல் உள்ளே வந்து இமிகிரேஷன் முடியாமல் யாரும் இறங்க முடியாது என்றார். கேப்டனும் கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை. நாங்கள் திரும்பியபோது கரை ஒரு கோடாகத் தெரிந்தது. காதர் மேலே வந்து பார்க்கவில்லை.

ஆழ்கடலில் பம்ப் வேலையை அவனே செய்தான். ஓய்வெடு என்று சொன்னேன், கேட்கவில்லை. முதல் டேங்க் முடிந்து இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. வாப்பா மௌத்தாகிவிட்டார். அன்று சாயங்காலமே அடக்கம். அவன் மேலே போய்க் குளித்துத் தொழுதுவிட்டு, மறுபடியும் கீழே வந்து வால்வுகளை மூடினான். நான் தோளில் கை வைத்தேன். வைத்திருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது.

ஓய்வு பெற்ற பிறகு காயல்பட்டினம் போய் அவனைப் பார்த்தேன். தேநீர் கொடுத்தான். எழுந்து கிளம்பும்போதுதான் சொன்னான்.

"வாப்பா கடைசில கப்பல் எங்கன நிக்கிதுன்னு கேட்டாவளாம். பக்கத்துல வந்துட்டுன்னு உம்மா சொல்லிருக்காவ. அப்ப நாம தூரமா போய்க்கிட்டிருந்தோம், அண்ணாச்சி."

குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை.

இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். மாற்று விளக்கு கைக்கு வராமல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பச் சம்மதிக்காதீர்கள். கம்பெனி மிச்சம் பிடிப்பதற்கான விலையை யாராவது ஒரு காதர்தான் கொடுக்கிறான். மறுபடியும் அந்த நிலை வந்தால் நான் அதையேதான் செய்வேன். சரியானதைச் செய்தால் நிம்மதி கிடைக்கும் என்று மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டேன்.