ருசி பார்க்க ஒரு பிள்ளை

எங்கள் மேட்டுப் பாதையில் முதலில் பாட்டு ஏறி வரும். வண்டி பிறகுதான். பாட்டுப் போட்டு வீடு வீடாகப் பாண் விற்று வரும் சூன் பாண் த்ரீவீலரின் அந்தக் கீச்சுக் குரல், தினமும் ஒரே இடத்தில் திக்கி நின்று மறுபடி தொடங்கும் அந்த மெட்டு. பாண் வாங்க எல்லோரும் வாசலுக்கு வருவார்கள். நானோ குசினியில் நின்றபடியே நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்துக்கொள்வேன், உப்புக் கரிக்கிறதா என்று. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்த மெட்டோடு ஒரு மாலை நேரம் என் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இரண்டு வருடங்களுக்கு முந்திய நோன்பு மாதம் அது. என் மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். பதினெட்டு வயது. காத்திருக்கிற பிள்ளைகள் வீட்டில் ஃபோனும் கையுமாகப் படுத்திருப்பார்கள். இவளோ மாவும் கையுமாக நின்றாள். பெரிய ஹோட்டல் ஒன்றின் சமையலறையில், தலையில் வெள்ளைத் தொப்பியோடு நிற்க வேண்டும். அதுதான் அவளுடைய கனவு. ஹார்ட்வெயார் கடையில் நாள் முழுக்க ஆணியும் பெயின்ட்டும் விற்று அலுத்து வரும் அவள் அப்பாவுக்கோ மகள் ஒரு பேங்கில், ஃபேன் காற்றில், கதிரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் கண்டியில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். இரண்டு பேருக்கும் நடுவில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொடுப்பதே என் வேலையாக இருந்தது.

கடைசியில் வத்தேகமவுக்கும் மடவளைக்கும் நடுவில், பாதையோரத்தில் இருந்த பேக்கரியில் முடிவு வரும்வரை வேலை பழகலாம் என்று அவர் இறங்கி வந்தார். ஒரு நிபந்தனையோடு.

"யாராச்சும் ஒரு குறை சொல்லி என் காதுல விழுந்துச்சு, அன்னைக்கே நிப்பாட்டிருவேன். ஆமா."

பேக்கரியை நடத்தியவர் என்னைவிட நாலைந்து வயது மூத்த ஒரு முஸ்லிம் பெண். நான் அவரை ராத்தா என்பேன். மகளுக்கு அவர் மாமி. சிரித்தால் அடுப்படி வரைக்கும் கேட்கும். கோபித்தால் பாதைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும். மகள் போன முதல் வாரம் தட்டுக் கழுவினாள். பிறகு வெங்காயம் உரித்தாள். கண் சிவந்து வீட்டுக்கு வருவாள், அழுதாளா வெங்காயமா என்று கேட்க எனக்குப் பயம். ஆனால் மறுநாள் காலையில் எனக்கு முன்னால் எழுந்து நிற்பாள்.

நோன்பு பிறந்ததும் அவளுக்கு ஒரு பதவி கிடைத்தது. பின்னேரம் நோன்பு திறக்கும் நேரத்துக்கு ரோல்ஸ், கட்லட் என்று ஊரே கேட்கும். செய்கிறவர்கள் அத்தனை பேரும் நோன்பாளிகள். உப்புப் பார்க்க ஆள் வேண்டுமே! நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்று சொல்வார்களாம். ராத்தாவுக்கு அதில் மனம் ஒப்புவதில்லை. ஆகவே அந்தக் குசினியில் நோன்பில்லாத ஒரே ஆளான என் மகள், பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்த கையோடு ஒவ்வொரு தாச்சியிலும் வதக்கி வைத்த கறியில் ஒரு கரண்டி எடுத்துத் தின்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். "உப்பு சரி." "மிளகு பத்தாது மாமி." அதன்பிறகுதான் உருட்டுவார்கள், பொரிப்பார்கள். வெங்காயம் உரித்த பிள்ளை ஒரே நாளில் நீதிபதி. வீட்டில்கூட என் குழம்புக்குத் தீர்ப்பு வரத் தொடங்கியது.

நோன்பின் கடைசிப் பத்து நாட்களில் ஒரு நாள். விடியுமுன் எங்கள் குசினியில் பிளேட் சத்தம் கேட்டது. பூனை என்று நினைத்துத் திரும்பிப் படுத்தேன். பின்னேரம் மழை இருட்டிக்கொண்டு வந்ததால், அலுவலகத்திலிருந்து வரும் வழியில் அவளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று பேக்கரியில் இறங்கினேன். மகள் ஒரு ரோல்ஸைத் தாளில் சுற்றி நீட்டினாள். சூடு. மொறுமொறுவென்று தோல். பசியோடு ஒரு கடி கடித்தேன்.

உப்பு என்றால் உப்பில்லை, கடல். என் பிரஷருக்கு மருந்து தருகிற டாக்டர் பார்த்திருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பார். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் மகளைப் பார்த்தேன்.

"உப்பு பார்த்தியா நீ?"

அவள் முகம் மாவு நிறமாகிவிட்டது.

பார்க்கவில்லை. மணந்து பார்த்துவிட்டு "சரி" என்று சொல்லியிருந்தாள். கிழங்கு அவித்தவர் உப்புப் போட்டிருந்தார். மீனும் வெங்காயமும் வதக்கியவர் கிழங்கில் உப்பில்லை என்று நினைத்து இரண்டாம் முறை போட்டிருந்தார். மற்ற நாட்களில் அவளுடைய ஒரு கரண்டி இதைப் பிடித்திருக்கும். இப்போது முதல் சுற்று ரோல்ஸை ஏற்றிக்கொண்டு போன சூன் பாண் த்ரீவீலர், முன்பதிவு செய்த வீடுகளிலெல்லாம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து வாசலில் நின்றது. நோன்பு திறக்க இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கலாம். பகல் முழுக்கத் தண்ணீர் படாத தொண்டைகள். பாங்கு சொன்னதும் ஊரே ஒரே நேரத்தில் கடிக்கும்.

அவள் கண்ணில் அப்பாவின் நிபந்தனை ஓடியதை நான் பார்த்தேன். என் கண்ணிலும் அதுதான் ஓடியது. அவள் என் கையிலிருந்த மிச்ச ரோல்ஸை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"மாமி, ரோல்ஸ்ல உப்புக் கூடிப்போச்சு. நான் ருசி பார்க்கல. பார்த்த மாதிரி சொல்லிட்டேன்."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. பாதைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கப்போகும் குரலுக்காக நான் தோளைக் குறுக்கிக்கொண்டேன். ராத்தா கத்தவில்லை.

"எவ்வளவு கூடின? இப்ப கடிச்சிப் பாருங்க."

மகள் கடிக்கவில்லை. ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. அப்போதுதான் எனக்கு விடியற்காலைப் பூனை ஞாபகம் வந்தது. ராத்தாவுக்கு என்னைவிட வேகமாகப் புரிந்துவிட்டது.

"யா அல்லாஹ். நீங்க நோன்பா?"

"எல்லாரும் பட்டினியா இருக்கீங்க. நான் மட்டும் முன்னுக்கு நின்னு சாப்பிட வெக்கமா இருந்துச்சு மாமி. ஒரு நாளாவது உங்களோட இருக்கலாம்னு..."

ராத்தா முந்தானையால் அவள் நெற்றியைத் துடைத்தார்.

"நோன்பு புடிக்க நாங்க இவ்வளவு பேர் ஈக்கிறம் மகள். ருசி பார்க்க நீங்க ஒரு ஆள்தானே ஈக்கிற? கடிங்க."

அவள் கடித்தாள். கண்ணால் நீர் வழிந்தது. உப்பினாலா, நோன்பு முறிந்ததாலா, நான் கேட்கவில்லை. மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு மடங்கு மாமி. தின்ன முடியாது."

அவ்வளவுதான், நீதிபதி திரும்பி வந்துவிட்டாள். இரண்டாம் சுற்றுக்கு அடுக்கியிருந்த ரோல்ஸ் எல்லாம் ஓரமாய்ப் போயின. காலையில் சுட்ட, இனிப்பு வெங்காயச் சீனிச் சம்பல் வைத்த குட்டிப் பாண்களான பனிஸ் தட்டுத் தட்டாக வெளியே வந்தது. த்ரீவீலர் ஓட்டுகிற நானா, அதாவது ஊருக்கே அண்ணன், தலையைச் சொறிந்தார். "பாண் வித்துப் பழக்கம். திரும்ப வாங்கிப் பழக்கமில்ல. என்ன பாட்டுப் போடுற?"

"அதே பாட்ட போடுங்க," என்றார் ராத்தா. "அப்பத்தான் வெளிய வருவாங்க."

நானும் கூடவே கிளம்பினேன். மகளுக்காக நாலு வார்த்தை பேசலாம், பிள்ளை தெரியாமல் செய்துவிட்டாள் என்று கெஞ்சலாம் என்றெல்லாம் வாய்க்குள் வசனம் தயாராகிக்கொண்டிருந்தது. ராத்தா பனிஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, நான் தட்டுப் புடிக்கிற. நீங்க குடை புடிங்க. பேசுறது அவ."

இப்படித்தான் அந்த ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் பாட்டுப் பாடிக்கொண்டு த்ரீவீலர், அதன் பின்னால் என் மகள், அவள் தலைக்கு மேலே குடையை நீட்டியபடி நான், தட்டோடு ராத்தா. தூறல். தூரத்தில் மலைக்கு மேல் முகில் உருண்டுகொண்டிருந்தது. பாட்டைக் கேட்டு வெளியே வந்தவர்கள் பாணுக்குக் கை நீட்டினார்கள். என் மகள் அவர்களிடம் ரோல்ஸுக்குக் கை நீட்டினாள்.

முதல் வீட்டில் சொல்லும்போது குரல் நடுங்கியது. நாலாவது வீட்டில் நடுக்கம் குறைந்தது. எங்கும் வார்த்தை மாறவில்லை. உப்புக் கூடிவிட்டது, ருசி பார்க்க வேண்டியது நான், பார்க்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள், இந்தப் பனிஸை எடுத்துக்கொள்ளுங்கள். யார் மேலும் பழி போடவில்லை. இரண்டு முறை உப்புப் போட்டவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. நோன்பு பிடித்ததையும் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் எல்லோரும் உருகியிருப்பார்கள். எனக்கே சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் விடவில்லை. ரோல்ஸ் பையை மூக்கருகே கொண்டுபோனார்.

"மணம் நல்லாத்தானே ஈக்கு? இப்ப ருசி பார்க்கவும் ஏலா. நீ சொல்றத நான் எப்படி நம்புற?"

நியாயமான கேள்வி. அந்த நேரத்தில் அந்த ஊரில் ஒருவரும் அவள் சொன்னதைச் சோதித்துப் பார்க்க முடியாது. மகள் அவர் கையிலிருந்த பையைப் பார்த்துச் சொன்னாள்.

"மணத்த நம்பித்தான் நானும் ஏமாந்தேன் மாமா."

அவர் அவளையே பார்த்தார். பிறகு பையை நீட்டினார். "வித்த சாமானத் திரும்ப கேக்கிற பேக்கரிய இன்னைக்குத்தான் பார்க்கிறன்," என்று உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொல்லிச் சிரித்தார். உள்ளேயிருந்தும் சிரிப்பு வந்தது.

கடைசி வீடு மேட்டு உச்சியில். படிக்கட்டில் பாதி ஏறும்போது பாங்கு ஒலித்தது. நானா பாட்டை நிறுத்தினார். மகள் படிகளில் ஓடினாள். நாங்கள் மூச்சு வாங்கி வாசலை அடைந்தபோது வீட்டுக்காரர் பேரீச்சம்பழம் தின்று, தண்ணீர் குடித்து, ரோல்ஸை ஒரு கடி கடித்துவிட்டார். முகம் போன போக்கைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது.

"தங்கச்சி, கடல்ல புடிச்ச மீன அப்படியே போட்டீங்களா?"

மகள் தலை குனிந்து தன் வசனத்தைச் சொன்னாள். அந்த வீட்டுப் பெண் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. நனைந்து நின்ற அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தார். "பாங்கு சொல்லியாச்சி புள்ள. மொதல்ல வாய நனைங்க. மத்தது பொறகு." கையில் ஒரு பேரீச்சம்பழமும், சுடச்சுட ஒரு கோப்பை நோன்புக் கஞ்சியும் வந்தன. முறிந்துபோன தன் நோன்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் மகள் அந்தப் பழத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ராத்தா ஓர் ஓரமாய் நின்று தன் பங்குப் பழத்தை வாயில் போட்டபடி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அந்தக் கஞ்சியின் ருசியை எழுத எனக்கு வார்த்தை வரவில்லை. உப்பு சரியாக இருந்தது, அவ்வளவு சொல்லலாம்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் நான் வாய் திறக்குமுன் அவளே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். குறை வந்தால் நிறுத்துவேன் என்றவர். இதோ, குறையே எழுந்து நின்று தன்னைப் பற்றிச் சொல்கிறது. அவர் கை கழுவிவிட்டு வந்து, துவாயை மடித்தபடி, "நாளைக்கு மழை வரும். நேரத்தோட கெளம்பு, நானே கொண்டுபோய் விடுறேன்," என்றார்.

மிச்ச நோன்பு முழுக்க அவள் ஒரு தாச்சியையும் விடவில்லை. எல்லோர் முன்னாலும் நின்று, வெட்கப்படாமல், நிறையத் தின்றாள். பெருநாள் முடிந்தும் போனாள். கையில் இரண்டு சூட்டுத் தழும்பு, ஒரு கருகிய கேக், மாமியிடம் வாங்கிய நூறு ஏச்சு. பரீட்சை முடிவு நன்றாகவே வந்தது. அவள் அப்பா பேங்க் பேச்சையே எடுக்கவில்லை. கொழும்பில் ஹோட்டல் சமையல் பழகும் பள்ளிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாள்; முதல் முறை கிடைக்கவில்லை. பேக்கரிக்குத் திரும்பி வந்து இன்னும் ஒரு வருடம் மாவு பிசைந்தாள். இரண்டாம் முறை கிடைத்தது.

பிள்ளையின் கனவுக்குக் கை கொடுப்பது என்றால், அவள் விழாமல் நான் முன்னால் போய்ப் பாதையைக் கூட்டிவைப்பது என்றுதான் நினைத்திருந்தேன். குடையைப் பிடித்துக்கொண்டு வாயை மூடியிருப்பதும் ஓர் உதவி என்பதை, எந்த உறவும் இல்லாத ஒரு பெண் அந்தத் தூறலில் எனக்குக் காட்டித் தந்தார். அந்த நன்றியைத்தான் இன்றைக்கும் மாலைப் பாட்டு கேட்கும்போதெல்லாம் உதட்டில் தேடுகிறேன்.

அவள் கொழும்புக்குக் கிளம்பிய காலை, வத்தேகம பஸ் நிலையத்துக்கு ராத்தா வந்திருந்தார். ஒரு பை நிறைய ரோல்ஸ். மகள் அங்கேயே ஒன்றை எடுத்துக் கடித்து, மென்று, தலையாட்டிய பிறகுதான் பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர் மணியடித்தார். ராத்தா யன்னலைத் தட்டினார். கொழும்பில் கவனம், பெரியவர்களுக்கு மரியாதை என்று ஏதாவது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"மகள், வாற நோன்புக்கு லீவு போட்டுட்டு வந்துருங்க. எங்களுக்கு ருசி பார்க்க ஆள் இல்ல."